நெய்யில் விழுந்த வாக்குகள்

அலுவிகாரை
2025 ஆகஸ்ட் 20

ஸைனம்புவுக்கு,

இனி உன்னோடு பேசுவதில்லை என்று அம்மன் சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவள் நான். அதில் ஒரு மாற்றமும் இல்லை. எழுதுவதில்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று சாயந்தரம் ஏழு மணி டீவி நாடகத்தில் வாக்குகளைத் திரும்ப எண்ணப் பெட்டியைத் திறந்தார்கள். இத்தனை வாரம் அந்த டீச்சர் கோர்ட்டுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது இதற்காகத்தான். ஏழு வாக்கில் தோற்றவள் அவள். ஜெயித்த ரோடு போடுகிற கொந்தராத்துக்காரனோ மாலையைக் கழற்றாமலே திரிகிறான். நீதவான் கண்ணாடியைப் போட்டார். தகராறான முதல் சீட்டைக் கையில் எடுத்தார். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கம் கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது செய்தியில் மழை பெய்துகொண்டிருந்தது.

இங்கே யாரிடம் கேட்பது? பேரப்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட். மகனுக்கு நித்திரை. மருமகள் வாகினி போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இந்த நாடகத்தைப் போன்ல போட மாட்டாங்களாம் மாமி" என்று சொல்லிவிட்டாள்.

உன் மகன் மக்கீனின் லொறி ஓட்டுகிற பஸ்லி, மாத்தளைக்கு மரக்கறி கொண்டுபோகும்போது எங்கள் சந்தியில் இறங்கி டீ குடிப்பான். "எங்கட முதலாளிட உம்மாவும் மஃரிப் தொழுத கையோட அந்த நாடகத்துக்கு முன்னால குந்திருவா" என்று அவன் கடைக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நானாகக் கேட்கவில்லை. விழுந்தது.

அந்தச் சீட்டு செல்லும் என்றாரா, செல்லாது என்றாரா? அதை மட்டும் எழுதி பஸ்லியிடம் கொடுத்துவிடு. நலம் விசாரிக்க வேண்டாம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை.

நேசம்மா


தம்புள்ளை
ஆகஸ்ட் 22, வெள்ளி

நேசக்கா,

நீங்கள் கேட்காத முழங்கால் பரவாயில்லை. படி ஏறத்தான் அல்லாஹ்வைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

சீட்டு செல்லும் என்றார். வாக்குக்குப் போட்ட புள்ளடி கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தின் கோட்டையும் தொட்டிருந்தது. கொந்தராத்துக்காரனின் வக்கீல் மேசையில் அடித்துக் கத்தினார். நீதவான் அதை யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, "கை நடுங்கியிருக்கலாம், மனசு நடுங்கவில்லை" என்று சொல்லி டீச்சர் பக்கம் வைத்தார். நல்ல வசனம். எழுதினவனுக்கு யாராவது டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். அடுத்த சீட்டை எடுத்ததும் சவர்க்கார விளம்பரம் வந்துவிட்டது.

நீங்கள் டீச்சர் பக்கம் என்பது எழுத்திலேயே தெரிகிறது. நான் அந்த எண்ணிக்கைக்குப் பொறுப்பான அதிகாரியின் பக்கம். பாவம், மனிதன் மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல், சாப்பிட்டானோ இல்லையோ, ஒழுங்காக எண்ணினான். இப்போது ஊரே அவனைக் கள்ளன் என்கிறது. தோற்றவர்களுக்கு எல்லாம் எண்ணினவன் மேல்தான் கோபம். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் மருமகள் ஜெஸ்லா உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மாமி இது, வாட்ஸப்ல ஒரு வொய்ஸ் போட்டா முடிஞ்சிச்சே" என்றாள். "அவவுக்கும் எனக்கும் பேச்சில்ல மகள்" என்றேன். "பேச்சில்லாதவங்களுக்கா இவ்வளவு நீளக் கடிதம்?" என்று சிரித்துச் சிரித்துத் தேங்காய் துருவினாள்.

பஸ்லி இன்னொன்றும் சொன்னான். மாதர் சங்கத் தலைவி தக்ஷாயினி, மகனோடு இருக்க வவுனியாவுக்குப் போகிறாராம். எல்லாரும் உங்களைத்தான் நிற்கச் சொல்கிறார்களாம். நீங்கள் மாட்டேன் என்கிறீர்களாம். ஏன் அக்கா? தலைவியாக வேண்டும் என்று ஒரு காலத்தில் நீங்கள் தூக்கத்திலும் கூட்டம் நடத்தினீர்களே.

ஸைனம்பு


அலுவிகாரை
ஆகஸ்ட் 25

ஸைனம்புவுக்கு,

கேட்டதற்குப் பதில் எழுதினாய், சரி. கேட்காததையும் எழுதினாய். நீ எப்போதும் அப்படித்தான்.

ஏன் நிற்கவில்லை என்றா கேட்கிறாய்? நீ கேட்கலாமா?

சுனாமி வந்ததற்கு அடுத்த ஆவணி. ஞாயிற்றுக்கிழமை. தக்ஷாயினி மாம்பழக் கலரில் கறுப்புக் கரை போட்ட சேலை உடுத்தியிருந்தாள். கந்தோரில் உத்தியோகம் பார்த்தவரின் மனைவி, படித்தவள், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். நான் பச்சைக் கட்டம் போட்ட சேலை. சங்கத்தில் பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் சீட்டு வேண்டாம் என்று வழி சொன்னவளே நான்தான். தக்ஷாயினிக்கு ஏலக்காய், எனக்குக் கராம்பு. ஆளுக்கு ஒரு ஏலமும் ஒரு கராம்பும் கையில் கொடுப்பது. திரைக்குப் பின்னால் போய், வேண்டியதை மண் முட்டிக்குள் போட்டுவிட்டு, வேண்டாததை மூடி போட்ட டப்பாவுக்குள் தள்ளிவிட்டு வருவது. ஏலமும் கராம்பும் உன் சமையல் டப்பாவிலிருந்து வந்தவை. பகல் சாப்பாட்டுக்கு நெய்ச்சோறு ஆக்க நீ குசினியில் இருந்தாய்.

எண்ணினவள் சந்திரகாந்தா. ஏலம் பதினெட்டு என்றாள். கராம்பு பதினேழு என்றாள். மொட்டு உதிர்ந்து வெறும் காம்பாகக் கிடந்த இரண்டு கராம்பை விரலால் ஒதுக்கினாள். "தலை இல்லாதது வாக்கு இல்லீங்க" என்றாள். அந்த விரலை நான் இன்றைக்கும் அடையாளம் காட்டுவேன்.

கராம்புக்குத் தலை போனால் காரம் போய்விடுமா? திரும்ப எண்ணச் சொன்னேன். தக்ஷாயினிகூட, "எண்ணட்டும், எனக்கு ஒண்டும் இல்லை" என்றாள். முட்டியில் கிடந்ததைக் கொட்டி எண்ணின கிண்ணத்தைத் தேடினோம். யாரோ கோப்பைகளோடு சேர்த்துக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நான் குசினி வாசலுக்கு வந்தபோது மண்டபம் முழுக்க நெய் வாசம். நீ அகப்பையோடு நின்றாய். கிண்ணம் கழுவிக் கவிழ்த்து இருந்தது.

சங்கத்தின் வாக்கு மொத்தத்தையும் நீ நெய்யில் பொரித்தாய். சங்கமே உட்கார்ந்து தன் வாக்கைத் தின்றது. பசியில் நானும் தின்றேன். என் பல்லில் ஒரு கராம்பு பட்டது. தலையோடு இருந்தது.

நாடகத்தில் அந்தச் சீட்டு செல்லும் என்றார்கள் அல்லவா? அப்படியென்றால் என் இரண்டும் செல்லும். பத்தொன்பதுக்குப் பதினெட்டு. நான்தான் ஜெயித்தவள். கூட்டத்தில் எல்லாரும் அதை ஒத்துக்கொண்டால் இந்தத் தடவை நிற்பேன். இல்லையென்றால் ஊரே காலில் விழுந்தாலும் நிற்க மாட்டேன். இதையே வாகினியிடமும் சொன்னேன். அவள், "அப்ப நான் நிக்கிறேன் மாமி" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். இப்போது எதிர்க்கட்சி என் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது.

எண்ணிய பிறகு அந்தக் கிண்ணத்தைப் பார்த்தவள் நீ ஒருத்திதான். சந்திரகாந்தாவுக்கு இப்போது புருஷன் பெயரே மறந்துவிட்டது. கிண்ணத்தில் தலை போன கராம்பு இரண்டு இருந்தன என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. தேர்தல் செப்டம்பர் 14, ஞாயிறு. அதற்கு முன்னால் வேண்டும்.

நேசம்மா


தம்புள்ளை
ஆகஸ்ட் 29

நேசக்கா,

இருந்தன. தலை போன கராம்பு இரண்டும் கிண்ணத்தின் ஓரத்தில் இருந்தன. என் கண்ணால் பார்த்தேன். ஆனால் கூட்டத்துக்கு அப்படி ஒரு தாள் எழுதித் தர மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். கோபம் வந்தால் தாளைக் கிழித்துப் போடுங்கள், பஸ்லியை ஏசாதீர்கள்.

நேற்று நாடகம் பார்த்தீர்கள்தானே? டீச்சர் ஜெயித்துவிட்டாள். பட்டாசு கொளுத்தினார்கள். ஜெஸ்லாகூடக் கை தட்டினாள். நான் மட்டும் கை தட்டவில்லை. தேர்தலன்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வள்ளம் வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா? இரண்டாம் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோ காட்டினார்கள். தலையில் முக்காடும் சேலையுமாகக் கரையில் வரிசையாக நின்றுவிட்டு, பொழுது சாய்ந்ததும் திரும்பிப் போனார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. டீச்சரும் கேட்கவில்லை, கொந்தராத்துக்காரனும் கேட்கவில்லை, நீதவானும் கேட்கவில்லை. பெட்டிக்குள் விழுந்த வாக்குக்குத்தான் இவ்வளவு சண்டை.

நானும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் அக்கா.

அன்று காலையில் ஏலமும் கராம்பும் கேட்டு ஆள் அனுப்பினீர்கள். டப்பாவில் இருந்ததை எல்லாம் கொட்டிக் கொடுத்தேன். எனக்கென்று ஒரே ஒரு கராம்பை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்தேன். கூப்பிடுவீர்கள் என்று இருந்தேன். மண்டபத்தில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது குசினிக்குக் கேட்டது. எனக்கு முன்னால் சேர்ந்தவள் பெயர் கேட்டது, பின்னால் சேர்ந்தவள் பெயரும் கேட்டது. வெங்காயம் அரிந்தேன். அரிசி கழுவினேன். நெய்ச் சட்டியை வைத்தேன். பிறகு உங்கள் குரல் வந்தது: "சரி, இனி எண்ணுங்க."

பெயர்களைக் கூப்பிட்டவர் நீங்கள். நான் தம்புள்ளைக்கு வரும் முன் ஒரே பள்ளத்து வீடுகள், ஒரே தண்ணீர்ப் பைப், ஒருத்தி பிள்ளைக்கு மற்றவள் பால் காய்ச்சிக் கொடுத்த ஆட்கள் நாம். உங்களுக்கு நான் சமையற்காரியாகத்தான் தெரிந்தேன்.

தலைப்பை அவிழ்த்து என் கராம்பை நெய்யில் போட்டேன். அது வெடித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கிண்ணம் குசினிக்கு வந்தது. என் வாக்கு சோற்றுக்குத்தான் என்றால் எல்லாருடைய வாக்கும் சோற்றுக்கே போகட்டும் என்று கிண்ணத்தைக் கவிழ்த்தேன். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன். இன்றைக்கும் அதற்கு நான் வருத்தப்படவில்லை.

அன்று நான் யாருக்குப் போட இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். தலைப்பில் முடிந்தது ஏலம் இல்லை.

பத்தொன்பதுக்குப் பதினெட்டு என்று எழுதுகிறீர்கள். அந்தக் கணக்கிலும் நான் இல்லை அக்கா. அதனால்தான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஸைனம்பு


அலுவிகாரை
செப்டம்பர் 6

ஸைனம்புவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. முதலில் உன்னைப் பொய்க்காரி ஆக்கப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அன்றைய வரிசையை மனதில் கொண்டுவந்தேன். முதலில் யட்டவத்தவிலிருந்து வந்த நெட்டைக்காரி. அப்புறம் சந்திரகாந்தா, வெள்ளைச் சேலை. அப்புறம் அழகமுத்துவின் மனைவி, இடுப்பில் பிள்ளை, பிள்ளை கராம்பைப் பிடுங்கப் பார்த்தது. இப்படியே கடைசி ஆள் வரைக்கும் போனேன். ஒருத்தியையும் நான் மறக்கவில்லை. நீ அதில் இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அப்போதும் இல்லை. நீ திரைக்குப் பின்னால் போயிருந்தால் என் ஞாபகத்தில் இருந்திருப்பாய். என் ஞாபகத்தில் இல்லாதது நடக்கவில்லை.

அதனால் தீர்ப்புச் சொல்கிறேன். அந்தத் தேர்தல் செல்லாது. தக்ஷாயினியும் ஜெயிக்கவில்லை, நானும் ஜெயிக்கவில்லை.

நேரே போய் தக்ஷாயினியிடமும் சொல்லிவிட்டேன். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "அப்ப இருபது வருசமா நான் ஆர் அக்கா?" என்று கேட்டாள். "நல்லா வேலை செஞ்ச ஒருத்தி" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு சேலையை இரண்டு தடவை மடித்தாள். பிறகு எனக்குக் கோப்பி போட்டாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக அவள் வீட்டுக் கோப்பியைக் குடித்தேன். சீனி அதிகம்.

நீ நெய்யில் போட்டது போட்டதுதான். மன்னித்துவிட்டேன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை, தேடாதே.

நான் நிற்கிறேன். பழைய கணக்கு இல்லாமல் நிற்கிறேன். வாகினி, "அப்ப நான் விலகிக்கிறேன் மாமி" என்றாள். "வெலகினியோ, உனக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது. நின்னு தோத்துட்டுப் போ" என்றேன். "யாரு தோக்கிறதுன்னு பாப்போம்" என்று வாய்க்குள் சொன்னாள். என் காது நல்ல காது.

நீ இன்னும் உறுப்பினர்தான். யாரும் உன்னை விலக்கவில்லை, நீயும் விலகல் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்தல். சாப்பாடு கடையில் பார்சல். குசினியைப் பூட்டச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அங்கே ஒருத்தியும் நிற்கக் கூடாது.

நேசம்மா


தம்புள்ளை
செப்டம்பர் 11

நேசக்கா,

ஞாயிற்றுக்கிழமை லொறி இல்லை. மக்கீன், "இந்தக் காலோட பஸ்ல போய் என்ன உம்மா செய்யப் போறீங்க? நீங்க இல்லாட்டி அங்க தேர்தல் நிண்டுருமா?" என்று கேட்டான். "நிக்கணும்" என்றேன். அவன் தாடியைச் சொறிந்தான். ஜெஸ்லா அவனைப் பார்த்த பார்வையில் கடைக்குப் போய்விட்டான். அவள் என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள்.

உங்களுக்குத்தான் போடுவேன் என்று நினைக்க வேண்டாம். வாகினி சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், பஸ்லி அவளைப் பற்றி நல்லதாகச் சொல்கிறான். வந்து பார்த்துத்தான் யோசிப்பேன்.

பஸ் பிந்தினால் பெட்டியை மூட வேண்டாம்.

ஸைனம்பு


அலுவிகாரை
செப்டம்பர் 15

ஸைனம்புவுக்கு,

நீ மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகுதான் எண்ணினார்கள். முடிவு உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில், நீ வரும் முன் நடந்தது. பத்தாகியும் நீ இல்லை. பத்தரை ஆகியும் இல்லை. கூட்டம் முணுமுணுத்தது. "ஒரு ஆளுக்காக எத்தனை பேரு காத்துக்கிட்டிருக்கிறது?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்னால் வாகினி எழுந்து, "அவங்க வராம பெட்டியை நான் மூட விட மாட்டேன்" என்றாள். எதிர்க்கட்சி பேசிய பேச்சு. எனக்கு ஆத்திரமாக வந்தது. அதை நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

பிறகு நீ வந்தாய். ஒரு கையால் சுவரைப் பிடித்து, ஒரு கையால் காலைப் பிடித்து. பெயரைக் கூப்பிடுகிற வேலையைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். உன் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டேன். இப்போது எல்லாருக்கும் எழுத்துத் தெரியும், அச்சடித்த சீட்டு, புள்ளடி போட்டால் போதும். நீ திரைக்குப் பின்னால் அவ்வளவு நேரம் நின்றாய். பரீட்சை எழுதுகிறாயோ என்று நினைத்தேன்.

பார்சல் சோற்றில் உப்பு இல்லை என்று நீ ஜன்னலைப் பார்த்துச் சொன்னாய். கறியில் இருக்கிறது, பிசைந்து தின்ன வேண்டும் என்று நானும் ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற சந்திரகாந்தா இரண்டுக்கும் தலையாட்டினாள்.

இனி முடிவு. வாகினி இருபத்து நான்கு. நான் பதினெட்டு.

அறிவித்ததும் ஒருத்தரும் கை தட்டவில்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. தக்ஷாயினி வாக்குப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள், திரும்ப எண்ண நான் கேட்பேன் என்று.

நான் எழுந்தேன். "தண்ணி ஊத்தினவ போட்டாளா?" என்று கேட்டேன். போட்டேன் என்று ஒரு குரல் வந்தது. "அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளியே நின்னாளே, அவ?" அவளும் போட்டாளாம். "பார்சல் எடுக்கப் போனவங்க? கதிரை தூக்கினவங்க? தம்புள்ளையில இருந்து வந்தவங்க?" எல்லாரும் போட்டாச்சு மாமி என்று வாகினி சொன்னாள்.

"அப்ப நான் தோத்துட்டேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல்லைக் கவனித்தேன். என் வாயிலிருந்து அது வந்ததே இல்லை. வந்த பிறகு ஒன்றும் ஆகவில்லை. கூரை விழவில்லை. கையைத் தட்டினேன். மற்றவர்களும் தட்டினார்கள்.

வாகினி என் காலைத் தொட வந்தாள். "காலை விடு. தலைவின்னா மொதல்ல அந்தப் பைப்பைப் பாரு, மேல் வீடுகளுக்கு மூணு கிழமையா தண்ணி ஏறலை" என்றேன். இன்று காலை வெள்ளனவே தண்ணீர்க் கந்தோருக்குப் போய்விட்டாள். பகல் சமையல் என் தலையில்.

உன் புள்ளடி எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. பதினெட்டிலா, இருபத்து நான்கிலா என்று ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துக் கணக்குப் போட்டு ஓரளவு தெரிந்துவைத்திருக்கிறேன், அது வேறு விடயம். இனி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தேர்தல் என்று கூட்டத்தில் தீர்மானித்தோம். வாகினிக்குப் படிப்பு இருக்கிறது, எனக்கு ஆட்களைத் தெரியும். இந்தத் தடவை நான் வீடு வீடாகப் போகவில்லை, அதுதான் பிழை. அடுத்த தடவை பள்ளத்துப் பக்கத்தை நீ எடு, மேட்டுப் பக்கத்தை நான் எடுக்கிறேன். காலுக்கு என்ன எண்ணெய் பூசுகிறாய் என்று எழுது. இங்கே வைத்தியர் ஒருவர் இருக்கிறார், பெயர் நுஹ்மான், முழங்காலுக்குக் கெட்டிக்காரர் என்கிறார்கள். அடுத்த புதன் உனக்கு அவரிடம் நம்பர் எடுத்துவிட்டேன்.

தோற்ற வேட்பாளர்,
நேசம்மா